அவர் பார்த்த படம் வேறு

படம் பார்ப்பது பெரிய காரியமே இல்லை, பார்த்துவிட்டு வந்து பேசுவதில்தான் இருக்கிறது சுகம் என்பது சீனியின் கட்சி.

சீனி என்பது வீட்டுப் பெயர். கேக் கடையில் கிரீம் அலங்காரம் செய்கிறவள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மணிக்கட்டிலோ முழங்கையிலோ கொஞ்சம் சர்க்கரைப் பொடி ஒட்டிக்கொண்டுதான் வீடு வந்து சேரும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டுக் கணவர் வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தெருவில் எல்லாருக்கும் லிஃப்ட்காரர்.

மூத்த மகள் கல்யாணமாகித் தூர தேசம் போன பிறகு வீட்டில் பேச்சு வற்றிப்போனது. அந்த வெறுமையை விரட்ட இருவரும் வாரம் தவறாமல் தியேட்டருக்குப் போக ஆரம்பித்தார்கள். படம் பார்த்து வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் நடக்கும் வாய்ச்சண்டையை இளைய மகள் சின்னவள் கைபேசியில் பதிவு செய்து, 'ரெண்டு டிக்கெட்' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றினாள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள்.

சிரிப்புக்கெல்லாம் மூலகாரணம் லிஃப்ட்காரர். படத்தில் வில்லன் ஜெயிலுக்குப் போனால், "திருந்தி வேற ஊருக்குப் போயிட்டான்" என்பார். காதலி முடியாது என்றால், "யோசிச்சுச் சொல்றேன்னுட்டா" என்பார். சீனி தலையில் அடித்துக்கொள்வாள். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

போன வாரம் லிஃப்ட்காரரின் கூட்டாளி நெட்டை, கேக் கடை வாசல் வரை வந்து, "அண்ணி, ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தான். கடைக்குள் கூட்டம் நுழையவே, "அப்புறம் வர்றேன்" என்று நழுவிவிட்டான். அந்த 'அப்புறம்' இன்று காலையில் வந்தது.

*

வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒரு நர்ஸம்மாவுக்கான கேக் அது. வெள்ளைக் கிரீமின் மேல் இளஞ்சிவப்பில் 'நன்றி' என்று எழுத வேண்டும். சீனி மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி எழுத்தின் வளைவைச் சுழித்துக்கொண்டிருந்தாள். கிரீம் பிழியும் கூம்புப் பையை அழுத்தும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது.

வாங்க வந்த பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க 'ரெண்டு டிக்கெட்' அம்மாதானே? ஆர்டர் கொடுக்கும்போதே குரலை வச்சுக் கண்டுபிடிச்சுட்டேன்!"

சீனி பையை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். இதெல்லாம் இப்போது பழகிவிட்டது.

"ஐயா சொன்ன கதையைக் கேட்டு நேத்து பஸ்ல தனியா சிரிச்சேன்மா. பக்கத்துல இருந்தவர் பயந்துபோய் எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டார். எப்படிம்மா ஒவ்வொரு படத்தையும் இப்படித் தப்புத் தப்பாப் புரிஞ்சுக்கிறார்? வேணும்னே பண்றாரா?"

"அவர் சுபாவமே அப்படித்தான். ஒண்ணு சொன்னா ஒன்பது புரிஞ்சுக்குவார்."

அந்தப் பெண் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியேற, நெட்டை தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். எந்த வாசலுக்கும் குனிந்து பழகியவன். நின்றாலும் கொஞ்சம் குனிந்தே நிற்பான். இன்று இன்னும் குனிந்திருந்தான்.

"உள்ள போய்ப் பேசலாமா அண்ணி?"

அடுப்பறையில் அப்போதுதான் ரொட்டித் தட்டுகளை எடுத்து அடுக்கியிருந்தார்கள். அனல் இன்னும் சுவரில் இருந்தது. சீனி ஸ்டூலைத் தள்ளினாள். அவன் உட்காரவில்லை.

"அண்ணன்கிட்ட வீட்டுல எப்படிப் பேசுவீங்க அண்ணி?"

"இது என்ன கேள்வி? வாயாலதான்."

"முகத்தைப் பார்த்தா?"

"நான் எங்க பார்க்கறது, ஆயிரம் வேலைக்கு நடுவுல? அவர்தான் என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பார்." சொல்லும்போது அவள் குரலில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. உண்மையிலேயே பெருமைதான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எந்தப் புருஷன் பெண்டாட்டி பேசும்போது கண் கொட்டாமல் பார்க்கிறான்? சாப்பாட்டு மேஜையில்கூடப் பக்கத்து நாற்காலியை விட்டு எதிர் நாற்காலிக்கு மாறியிருந்தார். கடையில் கூட வேலை செய்யும் பெண்களிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"அதுதான் அண்ணி," என்றான் நெட்டை. "அதேதான்."

சீனிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அண்ணனுக்குக் காது கேக்கல."

"சும்மா இரு. நேத்துகூட நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாரே."

"பார்த்துச் சொல்லியிருப்பார். உதட்டைப் பார்த்து. வெளிச்சத்துல, எதிர்ல நின்னு பேசினா எல்லாம் சரியா இருக்கும். திரும்பி நின்னா தெரியாது. தூரத்துல இருந்து கூப்பிட்டா தெரியாது."

அவன் கையிலிருந்த தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னான். போன வாரம் ஓர் அடுக்குமாடியில் வேலை. லிஃப்ட் கடைசியாக இறங்கி நிற்குமே தரைத்தளம், அதற்கும் அடியில் உள்ள குழிக்குள் நெட்டை. மேலே, லிஃப்ட்டை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியருகே லிஃப்ட்காரர்.

"'இறக்காதீங்க'ன்னு கத்தினேன் அண்ணி. அவர் காதுல பாதி வார்த்தைதான் விழுந்துச்சு போல. இறக்கிட்டார்."

சீனி மேஜை விளிம்பைப் பிடித்தாள்.

"குழிச் சுவத்துல ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். எட்டி அடிச்சேன், நின்னுச்சு. மயிரிழைன்னு சொல்லுவாங்களே, அதுதான். குள்ளனாப் பொறந்திருந்தா இன்னும் கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்பேன்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "மேல ஏறி வந்தா, 'ஏன்டா நடுவுல நிறுத்தினே'ன்னு அவர் எங்கிட்ட கேக்கறார். அவருக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல. நான் சொன்னதும் படிக்கட்டுல அப்படியே உட்கார்ந்துட்டார்."

"எங்கிட்ட ஏன் அன்னிக்கே சொல்லல?"

"வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். அதான் போன தடவை வந்துட்டு ஓடிட்டேன்."

"இப்ப மட்டும்?"

"நாளைக்குக் காலையில லிஃப்ட் கயிறு மாத்தற வேலை இருக்கு. அண்ணன்தான் மேல. குழிக்குள்ள புதுசாச் சேர்ந்த ஆள். வீட்டுல கைக்குழந்தை. அவனுக்கு அண்ணனைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"நீ எங்க இருப்பே?"

"நான்... எனக்கு நாளைக்கு அங்க வேலை இல்ல அண்ணி." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க சொன்னாத்தான் கேப்பார். நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். அவர்தான் எனக்குத் தொழில் கத்துக் கொடுத்தார்."

அவன் குனிந்து வெளியேறிய பிறகும் சீனி அங்கேயே நின்றாள். அன்று காலையில் குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி இரண்டு தடவை சொல்லி, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பு மாட்டவும், "செவிடன் காதுல ஊதின சங்குதான் போ!" என்று கத்தியிருந்தாள். எத்தனையோ வருஷமாகச் சொல்கிற வார்த்தை.

*

அன்று வெள்ளிக்கிழமை. இருவருக்கும் பிற்பகல் ஓய்வு. மத்தியானக் காட்சி. லிஃப்ட்காரர் சலவைச் சட்டையில், கையில் இரண்டு டிக்கெட்டும் பாப்கார்னுமாக, தியேட்டர் வாசலில் நின்றிருந்தார். தூரத்திலேயே அவளைக் கண்டுகொண்டு கையை ஆட்டினார்.

"என்ன, முகம் ஒரு மாதிரியா இருக்கு? கடையில திட்டினாங்களா?"

முகம். எதையும் முகத்தில் படிப்பவரிடம் எதை மறைப்பது? "தலைவலி" என்றாள்.

"அப்போ போயிடலாமா?"

"வேண்டாம். பார்க்கலாம்."

உடனே கேட்டிருக்கலாம். வாசலிலேயே சட்டையைப் பிடித்து, "உண்மையாங்க?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவள் மனசில் ஒரு மூலை, நெட்டை ஏதோ மிகைப்படுத்திவிட்டான் என்று இன்னும் அடம்பிடித்தது. தானே பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

விளக்கு அணைந்தது. கப்பலில் சமையல்காரனாக இருப்பவன் நெடுநாள் கழித்து வீடு திரும்பும் கதை. மனைவி அவனுக்காகக் காத்திருக்கிறாளா, காத்திருந்து காத்திருந்து மரத்துப்போய்விட்டாளா என்பதுதான் படம். சண்டை இல்லை, ஆட்டம் இல்லை. பேச்சுத்தான். இந்த மாதிரிப் படமென்றால் லிஃப்ட்காரர் முணுமுணுப்பார். "நாலு அடி, ரெண்டு கார் துரத்தல் இருந்தா நல்லாயிருக்கும்" என்பார். ரசனை மட்டம் என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அடிதடிக்குக் காது வேண்டாமே என்று இப்போதுதான் உறைத்தது.

சீனி அன்று படம் பார்க்கவில்லை. திரையின் வெளிச்சம் பட்ட அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

ஒரு வேடிக்கையான வசனத்துக்குக் கொட்டகையே சிரித்தது. லிஃப்ட்காரரும் சிரித்தார். எல்லாரும் ஆரம்பித்த பிறகு, முன் வரிசைத் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு. பாத்திரங்கள் முகம் காட்டிப் பேசும்போது முன்னால் சாய்ந்தார். திரும்பிக்கொண்டால் பின்னால் சாய்ந்து பாப்கார்னுக்குள் கையை விட்டார். படம் முழுக்க அவர் இப்படி முன்னும் பின்னும் சாய்வதைத் தியேட்டர் நாற்காலியின் குறை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

இருட்டில் அவர் தோளை ஒட்டிச் சாய்ந்தாள். செய்யப்போவது துரோகம் மாதிரி இருந்தது. ஆனாலும் செய்தாள். மெதுவாக, ஆனால் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கேட்கும்படி, சொன்னாள்.

"நான் உங்களை விட்டுட்டுப் போகப் போறேன்."

லிஃப்ட்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். "ஆமா சீனி. நல்லாத்தான் இருக்கு."

பாப்கார்ன் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

*

வீட்டுக்கு வந்து விளக்குப் போடும் நேரத்துக்குச் சின்னவளும் வேலை முடிந்து வந்துவிட்டாள். தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் குறை கேட்கிற வேலை. நாள் முழுக்க ஹெட்போன். வந்ததும் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கைபேசியைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து நிறுத்தினாள்.

"ம், ஆரம்பிங்க. அப்பா, படம் எப்படி?"

லிஃப்ட்காரர் மகளின் வாயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பவர் போல ஒரு குதூகலம்.

"ரொம்ப நல்ல படம். ஆரம்பத்துல கொஞ்சம் வழவழா. ஆனா முடிவு அருமை. சண்டை எல்லாம் மறந்து ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க பாரு, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் முந்தைய நாளே தோழிகளோடு அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். "சேர்ந்துட்டாங்களா? அப்பா! அவ 'நீ இல்லாமலே எனக்குப் பழகிடுச்சு, திரும்பப் போயிடு'ன்னு சொல்றாளே! துணி காயப் போட்டுக்கிட்டே! அவன் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போறானே!"

"பெட்டியை எடுத்தான், சரி. வீட்டுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போனான்னு நெனச்சேன். ஆனா அவ அவன் தோள்ல கையை வச்சாளே, பார்த்தியா? பிரிஞ்சு போகச் சொல்றவ அப்படிக் கையை வைப்பாளா?"

சின்னவள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "ஐயோ, இந்த வாரம் இதுதான் ஹிட்டு! அம்மா, நீ சொல்லும்மா—"

சீனி கையை நீட்டிப் பதிவை நிறுத்தினாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏம்மா? நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சே."

"இதைப் போடாதே."

லிஃப்ட்காரர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு அவர் உதட்டில் பாதியில் நின்றிருந்தது. "என்ன? என்னாச்சு?"

சீனி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேரே நெருக்கமாக வைத்து உட்கார்ந்தாள். "நெட்டை கடைக்கு வந்திருந்தான்."

அவர் முகம் வெளிறுவதைச் சின்னவளும் பார்த்தாள்.

"உளறுவாயன்," என்றார் கடைசியில். "அவன் எதையாவது சொல்லுவான். எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தத் தியேட்டர்ல சவுண்டு சரியில்ல."

"எல்லாத் தியேட்டர்லயுமா?"

அவர் தண்ணீர்க் கூஜாவை ஓரமாக நகர்த்தினார்.

"இன்னிக்கு இருட்டுல உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்?"

"படம் நல்லாருக்குன்னு..."

"உங்களை விட்டுட்டுப் போகப் போறேன்னு சொன்னேன்."

பெரிய பெரிய இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிற மனிதர், சந்தையில் தொலைந்த குழந்தை மாதிரி அவளைப் பார்த்தார். "நெசமாவா?"

அந்த ஒரு கேள்வியில் சீனியின் கோபம் எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. "போறவளா இருந்தா நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்து எதிர்ல உட்காருவேனா? சொல்லுங்க. எத்தனை நாளா?"

அவர் உள்ளங்கைகளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்தார்.

"எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியல. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு கேக்கற மாதிரி இருந்துச்சு. சளின்னு நெனச்சேன். ஒரு காலத்துல மோட்டார் ஓடுற சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவேன். இப்போ கையை வச்சு, அதிர்வைப் பார்த்துச் சொல்றேன். அதுவும் சரியாத்தான் வருது. அதனால ஓட்டிடலாம்னு நெனச்சேன். குழிக்குள்ள இருக்கிறவன் கத்துறதுக்கு அதிர்வு கிடையாதே. அது தோணாமப் போச்சு."

"டாக்டர்கிட்ட போகணும்னு தோணலையா?"

அவர் அப்போதும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சீனிக்குச் சட்டென்று விளங்கியது. மேஜையைத் தட்டினாள். அவர் நிமிர்ந்தார். கேள்வியைத் திரும்பச் சொன்னாள்.

"போனா மெஷின் ஒண்ணு மாட்டிவிடுவாங்க. கம்பெனியில லிஃப்ட்டைத் தொட விடமாட்டாங்க. அது போனாப் போகுது. ஆனா உனக்குத் தெரிஞ்சா சினிமாவுக்குப் போறது நின்னுடும். 'உங்களுக்குத்தான் கேக்கலையே, எதுக்கு வீணா'ன்னு சொல்லிடுவே. பெரியவ போன பிறகு இந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கில்ல? படம்னு ஒண்ணு இருக்கறதாலதான் நீயும் நானும் பேசறோம். அதுவும் போச்சுன்னா..."



சின்னவள் எழுந்து அவர் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். சிரித்த முகம் அழுது சிவந்திருந்தது. "நான் எல்லாத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டு, வெட்டி ஒட்டி, நீங்க தப்பாச் சொல்ற இடத்தை மட்டும் முன்னாடி வச்சேன்ப்பா. ஊரே சிரிக்கட்டும்னு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களுக்குக் கேக்கலைங்கறது எனக்குக் கேக்கல."

அவள் தலை குனிந்திருந்ததால் அவருக்கு அது புரியவில்லை. அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "திரும்பச் சொல்லு கண்ணு."

திரும்பச் சொன்னாள். முதல் தடவை சொன்னதைவிட இரண்டாம் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது.

"சிரிச்சா என்ன? நல்லதுதானே," என்று அவள் தலையைத் தடவினார். "நான் சொல்றதுக்கு நாலு பேர் சிரிக்கறாங்கன்னு எனக்கே ஒரு கர்வம். ஏன் சிரிக்கறாங்கன்னு மட்டும் பாதி நேரம் தெரியாது."

சீனிக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. மகளை வைத்துக்கொண்டு கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டாள். "அப்போ நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பீங்களே. அது உதட்டைப் படிக்கத்தானா?"

லிஃப்ட்காரர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று இனிமேல் சொல்ல முடியாது. ஆனால் இதை அவர் யோசித்துத்தான் சொன்னார். "ரெண்டுக்கும்தான். மொதல்ல படிக்கத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இவ்வளவு நாளா சரியாப் பார்க்கலையேன்னு இருந்துச்சு."

"வயசான காலத்துல வசனம் வேற," என்று சீனி மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, அந்தப் பொண்ணு கடைசியில என்னதான் சொன்னா? முழுசாச் சொல்லு."

சீனி சொன்னாள். துணியை உதறிக்கொண்டே அவள் சொன்னதை, கப்பல்காரன் கேட்டதை, மறுபடி அவள் சொன்னதை. ஒரு வார்த்தை விடாமல், வாயைத் திறந்து, நிதானமாக. அவர் முன்னால் சாய்ந்து கேட்டார்.

முடிந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "அவ என்ன வேணாலும் சொல்லிட்டுப் போகட்டும். கையை வச்சாளா இல்லையா? ஒரு வருஷம் கழிச்சுப் பாரு, அவனைக் கூப்பிட்டு அனுப்புவா."

"அட, இன்னுமா! 'போயிடு'ன்னு சொன்னவளைப் போய்..."

"வாய் சொல்லும். கை சொல்லிச்சா?"

இருவருக்கும் பேச்சுக்குப் பேச்சு வளர்ந்தது. கவிழ்ந்திருந்த கைபேசியைச் சின்னவள் தொடவே இல்லை.

பேச்சு ஓய்ந்தபோது, அவரே எழுந்து தன் கைபேசியை எடுத்து வந்தார். "சூப்பர்வைசருக்குப் பேசணும். நாளைக்குக் கயிறு வேலைக்கு வேற ஆளைப் போடச் சொல்லணும். நீ அவர் சொல்றதைக் கேட்டு எனக்குச் சொல்லு. இத்தனை நாளா போன் வந்தா நெட்டைகிட்ட கொடுத்துடுவேன், கையில எண்ணெய்னு சொல்லி."

ஒலிபெருக்கியைப் போட்டு மேஜைமேல் வைத்தார். மறுமுனையில் எடுத்ததும், அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சுற்றி வளைக்கவில்லை. காதைப் பற்றிச் சொன்னார், குழியைப் பற்றிச் சொன்னார். "அன்னிக்கு நடந்தது என் தப்பு சார். அவன் 'இறக்காதீங்க'ன்னுதான் கத்தியிருக்கான். எனக்குக் கேக்கல."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சூப்பர்வைசர் பேசினார். சீனி கேட்டாள். சின்னவளும் கேட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சொல்றார்?" என்றார் லிஃப்ட்காரர்.

இதமாக மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள் சீனி. பாதியை விழுங்கிவிட்டால் இன்றிரவாவது நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் பாதி வார்த்தையால் வந்த வினைதானே எல்லாம்? அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அன்னிக்கு லிஃப்ட் ஏன் நடுவுல நின்னுச்சுன்னு கேட்டதுக்கு, தன் தப்புதான்னு நெட்டை சொல்லியிருக்கானாம். அண்ணனைக் கேக்காம குழிக்குள்ள இறங்கிட்டேன்னு சொல்லியிருக்கான். அதுக்காக அவனை இன்னியோட வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாம்."

லிஃப்ட்காரர் கைபேசியின் பக்கம் திரும்பினார். கைபேசியில் சூப்பர்வைசர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில உங்களை ஆபீசுக்கு வரச் சொல்றார். நெட்டை சொன்னது நெசமா, நீங்க சொல்றது நெசமான்னு ரெண்டு பேரையும் வச்சுக் கேப்பாங்களாம். பொய் சொன்னவனை மறுபடி சேர்க்கறது கஷ்டம்கிறார்."

அவர் எழுந்தார். கொடியிலிருந்த சட்டையை உருவிப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறி விழுந்தன. சீனி அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். தெருவில் இன்னும் ஆள் நடமாட்டம் இருந்தது. நெட்டையின் வீடு இரண்டு தெரு தள்ளி.

வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். இவ்வளவு காலமாக யாரிடமும் கேட்காத உதவி அது.

"நீயும் வா சீனி. அவன் என்னைத் திட்டுவானோ, அழுவானோ, தெரியாது. தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் பேசுவான். எனக்கு ஒரு வார்த்தை விடாமத் தெரியணும்."

சீனி செருப்பை மாட்டிக்கொண்டாள்.